என் காதுக்குச் சாட்சி சொல்ல வந்த ஈக்கள்

என் இடது காது மடலில், மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஒரு பரு வந்திருந்தது. என் வயதில் பரு வருவது ஒரு புதினமே இல்லை. தலையில் முளைக்கவேண்டியதைத் தவிர மற்றதெல்லாம் உடம்பில் கண்ட கண்ட இடங்களில் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது. வந்தது போகும் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதம் போயிற்று, பரு போகவில்லை. அடுத்த மாதமும் இருந்தது. சிவப்பாக, நடுவில் காய்ந்த பொருக்கோடு, வாடகை கேட்காத வீட்டில் இருப்பவன் மாதிரி வசதியாக இருந்தது. நோவு இல்லை. சொறியச் சொல்லும் கடி இல்லை. சொல்லப்போனால் என் உடம்பில் எனக்குத் தொல்லை தராத ஒரே பகுதி அதுதான்.

ஒட்டுசுட்டான் சந்தியில் எனக்கு ஒரு சின்னக் கடை. முன்பு கடிகாரம் திருத்தினேன். இப்போது ஆரும் கடிகாரம் கட்டுவதில்லை, அதனால் போன் திருத்துகிறேன். கடிகாரக் காலத்திலிருந்து மிஞ்சியது கண்ணில் செருகிப் பார்க்கிற பூதக்கண்ணாடியும், மயிரைக்கூடப் பிடிக்கிற சாமணமும், ஒரு பெரிய தலைக்கனமும்தான். தலைக்கனம் எதற்கென்றால், ஒரு பற்றரியைக் கையில் எடுத்தவுடன் அது ஒறிஜினலா டூப்ளிக்கேற்றா என்று சொல்லிவிடுவேன். இரண்டும் அச்சொட்டாக ஒரே மாதிரி இருக்கும். ஆனால் டூப்ளிக்கேற் எங்கேயாவது ஒரு இடத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தத் திறமைதான் என்னைக் கெடுத்தது.

எங்கள் கிராம மண்டபத்தில் ஒரு நாள் கூட்டம் என்றார்கள். யானை வேலி பற்றிய கூட்டமாக்கும் என்று போய் உட்கார்ந்தால், சுகாதாரப் பரிசோதகர் எழும்பி மணல் ஈயைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். இரவில் காதடியில் பாடுகிற நுளம்பில் மூன்றில் ஒரு பங்குகூட வராத ஒரு சின்ன ஈயாம். அது கடித்தால் ஒரு புண் வருமாம்.

"அந்தப் புண் நோகாது, கடிக்காது. ஆனால் தானா ஆறி மாறவும் மாறாது," என்றார் அவர்.

கடைசி வரிசையில் இருந்து பகிடி விடுவது என் நெடுநாளைய பொறுப்பு. "ஐயா, நோகாது, கடிக்காது, வீட்டைவிட்டும் போகாது எண்டால் அது நோய் வருத்தமில்லை, வீட்டோட மருமகன்!" என்றேன்.

மண்டபமே சிரித்தது. பரிசோதகரும் சிரித்தார். சிரித்து முடித்து, "அனேகமா உடுப்பு மூடாத இடத்திலதான் வரும். கை, கால், முகம், காது மடல்," என்றார்.

என் கை தானாகக் காதுக்குப் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர் பார்க்கிறார் என்று தெரிந்ததும் அந்தக் கையை அப்படியே மேலே கொண்டுபோய்த் தலையைச் சொறிவது போல் நடித்தேன். முன்வரிசையில் ஆரோ மருந்து என்ன என்று கேட்டார்கள்.

"பயப்பிட ஒண்டுமில்லை. புண்ணுக்குள்ளேயே ஊசி போடுவினம். கிழமைக்கு ஒண்டு. மாறும்வரைக்கும்."

என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். என் மகளுக்குக் குழந்தையில் தடுப்பூசி போட்ட அன்று, ஊசியைப் பார்த்ததும் நான் கதிரையோடு சாய்ந்தேன். தாதி குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு என் முகத்துக்குத் தண்ணீர் அடித்தார். குழந்தை அழவில்லையாம், என்னை வேடிக்கை பார்த்ததாம். அப்படிப்பட்டவனின் காது மடலுக்குள், சதையே இல்லாத இடத்தில், கிழமைக்கு ஒரு ஊசி. மண்டபத்தின் மின்விசிறி இரண்டாகத் தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் பரிசோதகர் வாய்தவறி எனக்கு ஒரு நம்பிக்கையைத் தந்தார். எல்லா மணல் ஈயும் இந்த வேலை செய்யாதாம். நெருங்கிய சொந்தக்கார வகை இரண்டு இருக்கிறதாம். ஒன்று மாட்டையும் மனுசரையும் கடிக்கும், வருத்தத்தைக் காவிக்கொண்டு வந்து ஆளுக்கு ஏற்றிவிடும். மற்றது பல்லி, ஓணான் இரத்தம் குடித்துக்கொண்டு தன்பாட்டில் இருக்கும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒறிஜினல், டூப்ளிக்கேற்! எனக்குத் தெரிந்த தொழில் அல்லவா? வீட்டுக்கு நடந்துவரும் வழியிலேயே திட்டம் முழுசாகிவிட்டது. என் வீட்டு வளவில் இருப்பது பல்லி குடிக்கிற ஈ என்று நிரூபித்துவிட்டால், என் காதில் இருப்பது வெறும் பரு. வெறும் பருவுக்கு ஆரும் ஊசி போடுவதில்லை. இந்த யோசனையில் இருந்த ஓட்டையால் ஒரு உழவு இயந்திரம் போய்வரலாம். எனக்கு அன்றைக்கு அது தெரியவில்லை.

மனைவிக்கு உடனே தெரிந்தது. "இஞ்சரப்பா, புண் இருக்கிறது உங்கட காதில. ஈயைக் கொண்டுபோய்ச் சோதிச்சு என்ன செய்யப்போறியள்? காதைக் கொண்டுபோய்க் காட்டுங்கோவன்."

"உமக்கு விஞ்ஞானம் விளங்காது."

"உங்களுக்கு ஊசி எண்டால் பயம். அது எனக்கு நல்லா விளங்கும்."

அன்றையிலிருந்து ஊருக்குக் காது தெரியாதபடி தலையில் துவாய் கட்டிக்கொண்டு திரிந்தேன். ஆராய்ச்சியைக் குளியலறையில் தொடங்கினேன், ஏனென்றால் அங்கே சுவரில் சாம்பல் நிறத்தில், பஞ்சு ஒட்டியது போல, சின்ன ஈக்கள் எப்போதும் ஒட்டிக்கொண்டு இருக்கும். சவர்க்காரப் பெட்டிக்குள் கொஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு சந்திக்குப் போனேன். பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்தபோது மறித்தேன். எனக்கென்று சொல்லவில்லை, ஊருக்கு ஒரு சேவை என்று சொன்னேன். அவர் பெட்டிக்குள் பார்த்தார்.

"அண்ணை, உது தண்ணிக் குழாய்க்குள்ள இருக்கிற ஈ. மணல் ஈக்குத் தூரத்துச் சொந்தம்தான், ஆனா பாவம், அதுக்குக் கடிக்கவே தெரியாது. பாருங்கோ, செட்டையைக் கூரை மாதிரிச் சாய்ச்சு வைச்சிருக்கு. மணல் ஈ இருக்கேக்குள்ள ரெண்டு செட்டையையும் மேல தூக்கிக்கொண்டிருக்கும். பறக்கிறதைவிடத் தத்தித்தான் திரியும்."

"அதில கூடாததை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

"முதுகில மயிர் நட்டுக்கொண்டு நிண்டால் கூடாதது. படிஞ்சு கிடந்தால் பல்லி குடிக்கிறது. ஆனா அது ஒரு மேலோட்டமான கணக்குத்தான். நிச்சயமாச் சொல்லவேணுமெண்டால் தொண்டையைத் திறந்து பல்லைப் பாக்கவேணும். பல்லு வரிசையா இருந்தால் பல்லிக்காரன். எங்களைக் கடிக்கிற வகைக்குத் தொண்டையில பல்லு இல்லை."

பல் உள்ளது சாது, பல் இல்லாதது கடிக்கும். நான் அவர் பகிடி விடுகிறார் என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பகிடி விடுகிற ஆள் இல்லை. பிடிக்கிற முறையையும் சொல்லித் தந்தார். கடதாசியில் ஆமணக்கெண்ணெய் பூசி, மாட்டுக் கொட்டிலிலும் புற்று வாயிலும் தடியில் குத்தி வைக்கவேண்டும். ஒட்டியதைக் கழுவி ஸ்பிரிட்டில் போடவேண்டும். மாவட்டச் சுகாதாரப் பணிமனையில் ஈ பார்க்கிற ஒரு உத்தியோகத்தர் இருக்கிறாராம், கொண்டுபோய்க் கொடுத்தால் பல்லைப் பார்த்துச் சொல்வாராம்.

எங்கள் மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு புற்று இருக்கிறது. என் மனைவி வெள்ளிக்கிழமைகளில் அதில் ஒரு விளக்கு வைப்பாள், சில நாளில் முட்டையும் பாலும் வைப்பாள். அதற்குள் நாகதம்பிரான் இருக்கிறார் என்பது அவளுடைய கணக்கு. எனக்கு அங்கே மணல் ஈ இருப்பதாகக் கணக்கு. நல்ல கடதாசிக்கு எங்கே போவது? சுவரில் மாட்டியிருந்த போன வருடக் கலண்டரைக் கழற்றி நீள நீளமாக வெட்டினேன். எழுத்தில்லாத பின்பக்கத்தில் எண்ணெய் பூசினேன். தடியில் குத்திப் புற்றைச் சுற்றி நட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன்.

கலண்டர்த் தாளின் மறுபக்கத்தில் என்ன இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. முருகன் இருந்தார். எண்ணெய் ஊறிய கடதாசி கண்ணாடி மாதிரி ஆகிவிடும் என்பதையும் யோசிக்கவில்லை. பின்னேரம் வந்து பார்க்கிறேன், சாய்ந்த வெயிலில் புற்றைச் சுற்றி ஒரு தடியில் வேல் மினுங்குகிறது, ஒரு தடியில் மயிலின் கழுத்து, ஒரு தடியில் முருகனின் ஒரு கண்ணும் பாதிச் சிரிப்பும். முன்னால் பக்கத்து வளவு அக்கா கைகூப்பிக்கொண்டு நிற்கிறா.

"தம்பி, உதென்ன நேர்த்திக்கடன்?" என்று மெதுவாகக் கேட்டா.

ஈ பிடிக்கிறேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பா. ஏன் என்று சொன்னால் பொழுதுபடுவதற்குள் காது விஷயம் துணுக்காய்ச் சந்தி வரைக்கும் போய்விடும். "ஓம் அக்கா, ஒரு சின்ன நேர்த்திதான்," என்றேன்.

"என்னத்துக்கு?"

"அது வெளியில சொல்லக் கூடாதாம்."

அக்கா என் துவாயைப் பார்த்தா. அதுவும் நேர்த்தியில் சேர்த்தி என்று எடுத்துக்கொண்டா போல. மறுநாள் காலையில் புற்றடியில் என்னுடையதல்லாத ஒரு கடதாசி நின்றது. அவவின் கலண்டரில் இலட்சுமி. காணாமல் போன தன் சிவத்தப் பசுவுக்காக வைத்தாவாம். அந்தப் பசு பயிருக்குள் நின்று வயிறு முட்டத் தின்றுவிட்டு, தின்னப் பயிர் முடிந்ததும், தானாகவே வீடு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான், பேர் புற்றுக்குப் போய்விட்டது. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் வளவில் கலண்டர் இல்லாத தெய்வமே இல்லை. விசா கிடைக்க ஒரு கடதாசி. பிள்ளை சோதினை பாஸ் பண்ண ஒரு கடதாசி. ஆமணக்கெண்ணெய் கிடைக்காதவர்கள் நல்லெண்ணெய் பூசியிருந்தார்கள்.

என் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். "இது உங்கட வேலைதானே?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. அவையாத்தான் வைச்சவை."

"நாகதம்பிரான்ர புற்றில ஈ பிடிக்கிறியள். அதைக் கும்பிட ஊரையும் கூப்பிட்டு வைச்சிருக்கிறியள். அந்தக் காது அழுகி விழப்போகுது பாருங்கோ."

அவள் பகிடிக்குத்தான் சொன்னாள். நான் உடனே உள்ளே போய் அலுமாரிக் கண்ணாடியில் காதைப் பார்த்தேன். பரு கொஞ்சம் பெருத்திருந்தது போல இருந்தது. பெருக்கவில்லை என்று எனக்கு நானே சொன்னேன். பிறகு மற்றக் காதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பெருத்துத்தான் இருந்தது.

ஆனால் ஆராய்ச்சிக்கு இது பொற்காலம். ஊரே எனக்காக ஈ பிடித்துத் தந்தது. விடிய எழும்பிக் கடதாசிகளில் ஒட்டியிருந்ததைச் சாமணத்தால் எடுத்து, ஸ்பிரிட்டில் கழுவி, கடைக்குக் கொண்டுபோய்க் கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு முதுகு முதுகாகப் பார்த்தேன். போன் திருத்த வந்தவர்கள், "அண்ணை, இது சார்ஜ் ஏறுதில்லை," என்பார்கள். "பொறும், இவற்ற முதுகைப் பாத்திட்டு வாறன்," என்பேன். சிலர் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள்.

முடிவு அபாரமாக இருந்தது. ஒரு ஈயின் முதுகிலும் மயிர் நட்டுக்கொண்டு நிற்கவில்லை. எல்லாம் படிந்து, வாரி இழுத்து, வகிடு எடுத்தது போலக் கிடந்தது. அத்தனையும் பல்லிக்காரன்! அத்தனையும் டூப்ளிக்கேற்! கடையை மத்தியானத்தோடு பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய், வாசலிலேயே துவாயை அவிழ்த்து வீசினேன்.

"இஞ்சரும், ஒரு வருத்தமும் இல்லை! ஒண்டின்ர மயிரும் நிமிர்ந்து நிக்கேல்லை. எல்லாம் படிஞ்சு கிடக்கு!"

மனைவி மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மகளின் கூந்தலில் இருந்து கையை எடுக்காமலே கேட்டாள். "என்னத்தில பிடிச்சனீங்கள்?"

"ஆமணக்கெண்ணெயில."

"எண்ணெய் வைச்சால் ஆற்ர மயிர்தான் படியாது?"

மகள் சிரித்த சிரிப்பில் பின்னல் குலைந்துவிட்டது. நான் குனிந்து துவாயை எடுத்து, தூசி தட்டி, மறுபடியும் கட்டிக்கொண்டேன்.

இனி ஒரே வழி பல். பல்லை நான் பார்க்க முடியாது. ஒரு ஈயின் தொண்டையைத் திறக்க முயன்று அதன் தலையையே தொலைத்துவிட்டேன், மேசையைக் கூட்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை. பணிமனைக்குத்தான் கொண்டுபோகவேண்டும். கடையில் ஸ்பிரிட் முடிந்துபோயிருந்தது. அங்கே போகும்வரை இரண்டு நாள் வைக்க என்ன செய்வது என்று யோசித்தேன். ஈ கெடாமல் இருந்தால் போதும் என்று ஒரு கால் போத்தல் சாராயம் வாங்கி, ஈக்களை அதற்குள் கொட்டி, மூடி, போன் உறைகள் வைக்கிற தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இந்த ஊரில் கால் போத்தலை எங்கே ஒளித்தாலும் கண்டுபிடிக்கிற ஒரு ஆள் உண்டு. அவன் என் மனைவியின் தம்பி. சந்தியில் ஓட்டோ வைத்திருக்கிறான்.

நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தபோது அவன் என் கதிரையில் சாய்ந்திருந்தான். போத்தல் மேசையில் இருந்தது. வெறும் போத்தல்.

"அத்தான், நல்ல சாமான். அடியில எள்ளு மாதிரி ஏதோ கிடந்துது. மூலிகைச் சாராயமோ?"

போத்தலைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கத்தினேன். அது அவனுக்காகவா, தொலைந்துபோன சாட்சிகளுக்காகவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. "டேய், அது மணல் ஈயடா!"

"என்னது?"

"வருத்தம் காவுற ஈ. காவுதோ இல்லையோ எண்டு இன்னும் தெரியாது. அதைப் பாக்கத்தான் வைச்சிருந்தனான்."

அவன் எழும்பினான். "குடிச்சால் என்ன செய்யும்?"

எனக்குத் தெரியாத நேரத்தில் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. கூட்டத்தில் அரைகுறையாகக் கேட்ட ஒன்று நினைவுக்கு வந்தது. "வெளியில புண் வாறது ஒரு வகை. உள்ளுக்க ஈரலுக்குப் போற வகையும் ஒண்டு இருக்காம்," என்றேன்.

அவன் நிறம் மாறியதைப் பார்த்து எனக்கும் பயம் கூடியது. என் பயத்தைப் பார்த்து அவனுக்கு இன்னும் கூடியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் கொஞ்ச நேரத்தில் சாகிற நிலைக்கு வந்துவிட்டோம். குடித்தவன் ஓட்டோ ஓட்டக் கூடாது. எனக்கு ஓட்டத் தெரியாது. முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினோம். அவன் கொண்டக்டரிடம் ரிக்கற்றுக்குப் பதிலாக விஷயத்தைச் சொன்னான்.

"அண்ணை, கெதியா விடுங்கோ. நான் ஈ குடிச்சிட்டன்."

"ஒரு ஈயோ?"

"ஒரு போத்தல்."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. உப்புத் தண்ணி குடித்துச் சத்தி எடுக்கச் சொன்னார் ஒருவர். பின் சீற்றில் இருந்த அம்மா, "தம்பி, உதுக்கு ஒட்டுசுட்டானில ஒரு புற்று இருக்கு, கடதாசியில எண்ணெய் பூசி வைச்சால் எல்லாம் மாறுமாம்," என்றா. நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆசுபத்திரியில் வெளிநோயாளரைப் பார்த்தவர் ஒரு இளம் பெண் டொக்டர். மச்சான் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் பேனையை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள் மட்டும் குலுங்கியது.

"ஈயைக் குடிச்சால் அந்த வருத்தம் வராது. கடிச்சால்தான் வரும். குடி ஈரலுக்குக் கூடாதுதான், ஆனா அது ஈயால இல்லை," என்றார். பிறகு மேசைக்கு மேலாக எட்டி அவன் முகத்தைக் கிட்டப் பார்த்தார். "அசையாதேங்கோ." சாமணத்தால் அவன் மீசைக்குள் இருந்து எதையோ எடுத்தார். ஒரு ஈ. என் ஆராய்ச்சியில் மிஞ்சிய ஒரே ஒரு ஈ.

"டொக்டர், அதைக் கவனமா வைச்சிருங்கோ!" என்று கத்திவிட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஆர்?"

"நான் இவரோட கூட வந்தனான்."

"அத்தானுக்குக் காதில புண் இருக்கு டொக்டர்," என்றான் மச்சான். உயிர் திரும்பி வந்ததும் அவன் செய்த முதல் காரியம் அதுதான். "அதைக் காட்டப் பயத்திலதான் இந்த ஈ எல்லாம்."

"துவாயை எடுங்கோ," என்றார் டொக்டர்.

பரு இருந்த இடத்தைச் சுரண்டி, சோதனைக்கு ஒரு கண்ணாடித் துண்டில் தடவி எடுத்தார்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் சுவரொட்டியை எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தேன், அதனால் மயங்கவில்லை. மீசை ஈயை ஒரு சின்னக் குப்பியில் போட்டுப் பணிமனைக்கு அனுப்பினார்கள். அடுத்த கிழமை வரச் சொன்னார்கள்.

அந்த ஒரு கிழமை நான் அந்த ஈக்காகப் பிரார்த்தித்த மாதிரி வேறெதற்கும் பிரார்த்தித்ததில்லை. வெள்ளிக்கிழமை, ஆரும் இல்லாத நேரம் பார்த்து, புற்றடியில் நானும் ஒரு கடதாசி குத்தினேன். இந்த முறை அது ஈ பிடிக்க இல்லை.

வரச் சொன்ன நாளில் மனைவியும் கூட வந்தாள். முதலில் பணிமனைக்குப் போனோம். ஈ பார்க்கிற உத்தியோகத்தர் என் மகளைவிடக் கொஞ்சம் மூத்த பெண். என்னை ஒரு முக்காலியில் இருத்தி நுணுக்குக்காட்டிக்குள் பார்க்கச் சொன்னார். முதலில் என் கண் இமைதான் தெரிந்தது. பிறகு, வெளிறிய மஞ்சளுக்குள், சீப்பின் முனை மாதிரி ஒரு நேர் வரிசை.

"பல்லு!" என்றேன்.

"ஓம். இது பல்லி குடிக்கிற வகை."

எழும்பி மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். உத்தியோகத்தரின் கையையும் குலுக்கப் போனேன், அவர் கையுறை போட்டிருந்தார். மயிர், எண்ணெய், சாராயம், மச்சானின் மீசை, இத்தனையும் தாண்டி என் ஈ எனக்காகப் பல்லைக் காட்டியிருக்கிறது. அந்தச் சந்தோசத்திலேயே முற்றத்தைக் கடந்து டொக்டரிடம் போனோம். அவர் என் காதுச் சோதனை முடிவு எழுதிய கடதாசியைப் பார்த்தார்.

"உங்கட காதுப் புண் மணல் ஈ வருத்தம்தான். இண்டைக்கே முதல் ஊசி போடலாம்."

"பிழையாயிருக்கும் டொக்டர். இப்பதான் பாத்திட்டு வாறன். ஈ நல்ல ஈ."

"ஈ நல்ல ஈதான்," என்றார் அவர் பொறுமையாக. "உங்களைக் கடிச்சது அதில்லை."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் முதல் நாளே சொன்னதைத் திருப்பிச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவளோ என் தோளில் கைவைத்து ஊசி போடுகிற அறைப் பக்கமாகத் திருப்பி விட்டாள். சொல்லியிருந்தால் கொஞ்சம் சண்டை பிடித்து நேரம் கடத்தியிருக்கலாம்.

வாசலில் போட்டிருந்த நீள வாங்கில் எனக்குப் பின்னால் மூன்று நான்கு பேர் இருந்தார்கள். முழங்கையில் புண் உள்ள ஒருவர், கன்னத்தில் உள்ள ஒருவர், எல்லாரும் என்னைப் போலவே எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாதி நல்ல உயரமான, அவசரமே இல்லாத ஆள். "கண்ணை மூடுங்கோ, நுளம்பு கடிச்ச மாதிரித்தான் இருக்கும்," என்றார். எனக்கு இவ்வளவு காலமும் கடித்த நுளம்பெல்லாம் சேர்ந்து, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கடித்தால் அப்படித்தான் இருக்கும். காது மடலில் மருந்து போக இடமில்லை. ஆனாலும் அது போகிறது. நான் போட்ட சத்தம் எனக்கே புதிது. அப்படி ஒரு குரல் எனக்குள் இருப்பது தெரிந்திருந்தால் சின்ன வயதில் கூத்தில் சேர்ந்திருப்பேன்.

வெளியே வந்தபோது வாங்கு காலி. முழங்கைக்காரர் ஆசுபத்திரிப் படலையைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

தாதி எட்டிப் பார்த்தார். வாங்கையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ஐயா, உங்களாலதான் போகினம். நீங்களே போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."

வீதிக்கு அந்தப் பக்கத் தேத்தண்ணிக் கடையில் எல்லாரும் ஒளித்து நின்றார்கள். கண்ணீரைத் துடைத்துவிட்டு, "ஒண்டும் நோகாது, வாங்கோ," என்றேன்.

"அப்ப ஏன் அண்ணை அப்பிடிக் கத்தினனீங்கள்?" என்றார் கன்னத்துக்காரர்.

"அது சும்மா பகிடிக்கு."

என் வாழ்நாளில் நான் விட்ட பகிடிகளில் ஆட்கள் முழுசாக நம்பியது அது ஒன்றைத்தான். வரிசையாக என் பின்னால் வந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். உள்ளே இருந்து ஒவ்வொரு சத்தம் வந்தது. வெளியே வரும்போது ஒவ்வொருவரும் என்னைப் பார்த்த பார்வையை என்னால் இங்கே எழுத முடியாது.

காதுப் புண் ஆறி மாறிவிட்டது, சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னப் பள்ளம் மட்டும் இருக்கிறது. ஆனால் அதற்கு எத்தனையோ கிழமை எடுத்தது. இரண்டாவது கிழமையிலிருந்து தாதி என்னைக் கடைசி ஆளாக்கிவிட்டார். எவ்வளவு வெள்ளன போனாலும் கடைசிதான். எனக்குப் பிறகு பயந்து ஓட ஆளில்லாமல் பார்த்துக்கொண்டார். எல்லாருடைய சத்தத்தையும் ஒன்றொன்றாகக் கேட்டு முடித்து, வாங்கில் நான் மட்டும் மிஞ்சி, என் பெயரைக் கூப்பிடுகிற நேரம் ஒரு யோசனை வரும். எழும்பி வாசலைப் பார்ப்பேன். செருப்புக் கழற்றி வைக்கிற இடத்தில் என் மனைவி நிற்பாள், என் இரண்டு செருப்பையும் கையில் எடுத்து வைத்துக்கொண்டு.